எடையும் மனமும்: பதின்பருவப் பிள்ளைக்குப் பெற்றோர் தரும் துணை

எடை கூடிய பதின்பருவப் பிள்ளை ஒன்று தன் உணவையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொள்ளுமா, மாற்றிக்கொண்டால் அதில் நிலைக்குமா, அந்த நாள்களில் மனம் நொந்துபோகாமல் இருக்குமா என்பவை எல்லாம் பெற்றோர் தரும் துணையைப் பெரிதும் பொறுத்தவை. அத்துணையின் அளவைவிட அதன் தன்மையே பெரிது என்பது கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளின் சாரம். ஒரே அக்கறை ஒரு வீட்டில் ஊக்கமாகவும் இன்னொரு வீட்டில் அவமானமாகவும் பிள்ளையைச் சென்றடைகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் அதிக எடையுடன் இருந்தனர். அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் நிலையை எட்டியிருந்தனர். கனடாவில் இந்த வயதினரில் பத்துக்கு மூன்று பேர் அளவில் இவ்விரு நிலைகளுள் ஒன்றில் இருக்கிறார்கள். இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்வது, ரொறன்ரோவுக்கு மேற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்த மிசிசாகா. அங்கே ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தெற்காசிய வம்சாவளியினர். 1983க்குப் பின் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் குடியேறிப் பிறகு மார்க்கம், பிரம்டன், மிசிசாகா எனப் பரவிய ஈழத் தமிழ்க் குடும்பங்களும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இவர்களில் அடங்குவர். மிசிசாகா, பிரம்டன், கலிடன் ஆகியவை சேர்ந்த பீல் பிராந்தியத்தில் நீரிழிவு எங்கெங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டத் தனி வரைபட நூலே தொகுக்கப்பட்டது. தாத்தாவுக்கு நீரிழிவு, அப்பாவுக்கு நீரிழிவு என்று கண்ட குடும்பத்தில் பிள்ளையின் எடை குறித்த பயம் காரணமற்றது அன்று. அந்தப் பயம் எந்த உருவில் வெளிப்படுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எடையை அளப்பதும் புரிந்துகொள்வதும்

வளர்ந்தவர்களுக்கு உரிய எடை அட்டவணை பதின்பருவத்தினருக்குப் பொருந்தாது. உயரம், எடை இரண்டிலிருந்தும் கணிக்கும் உடல்நிறைச் சுட்டெண்ணை அதே வயதும் பாலினமும் கொண்ட பிள்ளைகளின் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கனடாவில் பயன்படும் உலக சுகாதார நிறுவன வளர்ச்சி வரைபடத்தின்படி, நூறு பிள்ளைகளின் ஏறுவரிசையில் 85ஆம் இடத்தைத் தாண்டினால் அதிக எடை. 97ஆம் இடத்தைத் தாண்டினால் உடற்பருமன். ஒரே ஒரு நாள் எடுத்த அளவைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கோடு எந்தப் பக்கம் செல்கிறது என்பதே குடும்ப மருத்துவருக்கு அதிகம் சொல்லும். உயரம் இன்னும் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பல சமயங்களில் எடை குறையவே தேவையில்லை. அது இருந்த இடத்தில் நின்றாலே உயரம் கணக்கைச் சரிசெய்துவிடும்.

தெற்காசியர்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே சுட்டெண் கொண்ட ஐரோப்பியரைவிட இவர்கள் உடலில் கொழுப்பின் பங்கு பொதுவாக அதிகம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தாமும் தம் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் ஒரே சுட்டெண் கொண்டிருந்தும் தம் உடற்கொழுப்பு அவருடையதைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக இருந்ததை 2004இல் லான்செட் இதழில் எழுதினார். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடங்கள் எச்சரிக்கைக் கோட்டைத் தாழ்த்தி வரைந்துள்ளன. பூப்பு வயதில் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்வினை இயல்பாகவே சற்று மந்தமாகிறது என்பதையும் நீரிழிவு பற்றிய கணக்கில் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எடை முழுக்க மனவுறுதியின் விளைவு என்ற நம்பிக்கைக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் எடை வளர்த்த பெற்றோரோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடு ஒத்துப்போனது. மரபணுவோடு தூக்கம், மன அழுத்தம், மருந்துகள், வீட்டு வருமானம், சுற்றிலும் உள்ள கடைகள் எல்லாம் சேர்ந்தே எடையை நிர்ணயிக்கின்றன. ஒரே மேசையில் உண்ணும் அக்காவும் தம்பியும் வேறு வேறு உடல்வாகில் இருப்பதற்கு இதுவே காரணம். இது புரிந்த வீட்டில் குற்றச்சாட்டுக்கு இடம் குறைகிறது. முயற்சிக்கு இடம் கிடைக்கிறது.

ஊக்கத்தின் வகைகள்

பிள்ளைக்கு ஊக்கம் இல்லை என்று பெற்றோர் சொல்லும்போது ஊக்கத்தை ஒரு பாத்திரத்துத் தண்ணீராக, கூடவோ குறையவோ இருக்கும் ஒன்றாக, எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1985இல் நூலாக்கிய தன்னிர்ணயக் கோட்பாடு ஊக்கத்தை வகைவகையாகப் பிரிக்கிறது. அடிக்கும் வசைக்கும் பயந்தோ பரிசுக்கு ஆசைப்பட்டோ செய்வது முதல் வகை. செய்யாவிட்டால் குற்றவுணர்வும் வெட்கமும் குத்தும் என்பதற்காகச் செய்வது இரண்டாவது. இது எனக்கு வேண்டும், என் மூட்டுவலி குறையும், கூடைப்பந்து அணியில் நிற்க முடியும் என்று தானே கண்ட காரணத்துக்காகச் செய்வது மூன்றாவது. செய்வதே இன்பம் என்பதால் செய்வது நான்காவது. முதல் இரண்டும் வேகமாகத் தொடங்கி வேகமாக அணைந்துவிடும். பின்னிரண்டுமே ஆண்டுக்கணக்கில் நிற்பவை.

இதை எடையோடு நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. ஜெஃப்ரி வில்லியம்ஸும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 128 பெரியவர்களுள் தம் சொந்தக் காரணத்துக்காக வந்தவர்களே அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தார்கள், அதிகம் குறைத்தார்கள், 23 மாதங்களுக்குப் பின்னும் அதைக் காத்தார்கள். சிகிச்சையாளர் தம் விருப்பத்தை மதித்தார் என உணர்ந்தவர்களிடம் அந்தச் சொந்தக் காரணம் மேலும் வலுவாக இருந்தது.

சொந்தக் காரணம் வேரூன்ற மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது இக்கோட்பாடு. என் முடிவை நானே எடுக்கிறேன் என்ற சுதந்திர உணர்வு, என்னால் இது முடியும் என்ற திறனுணர்வு, என்னை விரும்புகிறவர்கள் என் பக்கம் இருக்கிறார்கள் என்ற உறவுணர்வு. தன் வழியைத் தானே தேடத் தொடங்கும் பதின்பருவத்தில் முதல் தேவை மிகக் கூர்மையாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை கைபிடித்து அழைத்தால் பூங்காவுக்கு வரும். பதினைந்து வயதுப் பிள்ளை, தனக்கே பிடித்த நடையாக இருந்தாலும், கட்டளையாக வந்தால் மறுக்கும்.

பரிசு காட்டி ஊக்குவது பல வீடுகளில் உள்ள வழக்கம். பத்துக் கிலோ குறைத்தால் புது ஐபோன் என்பது மிசிசாகா வீடுகளுக்குப் புதிதல்ல. டெசி 1971இல் வெளியிட்ட புதிர்க்கட்டைச் சோதனையில், புதிரை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள் பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அதைத் தொடும் ஆர்வம் குறைந்தவர்களாக இருந்தனர். எடைக்குப் பரிசு வைப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. எடை பிள்ளையின் கையில் முழுமையாக இல்லாத ஒன்று. உண்மையாக முயன்றும் முள் நகராத மாதத்தில் பரிசும் போய், என்னால் முடியும் என்ற நம்பிக்கையும் போய்விடும். அவசரத்தில் பட்டினி கிடக்கவும் அது தூண்டும்.

துணையின் நான்கு முகங்கள்

பெற்றோர் துணையை ஆய்வாளர்கள் பொதுவாக நான்காகப் பார்க்கிறார்கள். முதலாவது உணர்வுத் துணை: கேட்பது, புரிந்துகொள்வது, முயற்சியைக் கவனித்துச் சொல்வது. இரண்டாவது செயல்துணை: காரில் ஏற்றி மைதானத்தில் இறக்குவது, கட்டணம் கட்டுவது, காலணி வாங்குவது, வேண்டிய காய்கறியை வாங்கி வைப்பது. மூன்றாவது முன்மாதிரி: பிள்ளைக்குச் சொல்வதைத் தாமும் செய்வது. நான்காவது சேர்ந்து செய்வது: ஒன்றாகச் சமைப்பது, ஒன்றாக நடப்பது. வேலையிலிருந்து களைத்து வந்த தகப்பன் சோபாவில் சாய்ந்தபடி மகனைப் பார்த்து ‘போய் ஓடிட்டு வா’ என்பதில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

வளர்ப்பு முறைகளைப் பற்றி டயானா பௌம்ரிண்ட் 1960களில் தொடங்கிய ஆய்வுகளும் இங்கே பயன்படும். அன்பும் எல்லையும் சேர்ந்த வளர்ப்பு, எல்லை மட்டுமே உள்ள கண்டிப்பு, அன்பு மட்டுமே உள்ள தாராளம் என அவர் வகுத்தார். சுதந்திரம் கொடுப்பது என்றால் விட்டுவிடுவது என்று பொருளல்ல. விதி இருக்கும், விதிக்குக் காரணம் சொல்லப்படும், விதிக்குள் தேர்வு பிள்ளையுடையதாக இருக்கும். இரவு பத்தரைக்கு மேல் கைபேசி படுக்கையறைக்குள் போகாது என்பது விதி. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, நிறைவைச் சொல்லும் லெப்டின் குறைகிறது என்பது காரணம். மாலையில் பட்மின்டனா நீச்சலா என்பது பிள்ளையின் தேர்வு.

சொல் செய்யும் காயம்

எடை கூடிய பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுப்பதில் எடையைவிட எடையைப் பற்றிய பேச்சுக்கே பெரும்பங்கு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மினசோட்டாவில் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற 4,746 மாணவர்களிடம் மார்லா ஐசன்பெர்க்கும் டயான் நியூமார்க்-ஸ்டெய்னரும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. எடைக்காகக் கேலி செய்யப்பட்டவர்களிடம் தன்மதிப்புக் குறைவும், மனச்சோர்வும், தற்கொலை எண்ணமும் அதிகம் காணப்பட்டன. அவர்கள் உண்மையில் எவ்வளவு எடை என்பதைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் இத்தொடர்பு நீங்கவில்லை. வெளியாரும் வீட்டாரும் சேர்ந்து கேலி செய்த பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது.

கேலி எடையைக் குறைக்கவும் உதவுவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹங்கரும் ஜானட் டோமியாமாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 2,379 சிறுமிகளின் தகவல்கள் அலசப்பட்டன. பத்து வயதில் யாராவது ஒருவரால் ‘நீ குண்டு’ என்று சொல்லப்பட்ட சிறுமிகள் 19 வயதில் உடற்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. தொடக்க எடை, குடும்ப வருமானம், பூப்பெய்திய வயது ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் 2,823 குடும்பங்களின் தகவலைக் கொண்டு எரிக் ராபின்சனும் ஏஞ்சலினா சுட்டினும் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு ஒத்தது. தம் பிள்ளை அதிக எடை என்று பெற்றோர் கருதிய பிள்ளைகளே அடுத்த எட்டு ஆண்டுகளில் அதிகம் எடை கூடினர். பிரச்சினையைப் பெற்றோர் கண்டுகொண்டால் பாதி தீர்ந்தது என்ற பழைய எண்ணத்தை இது அசைத்தது.

வெட்கம் உடலை இயங்க விடாது என்பதே இதற்கு ஒரு விளக்கம். தன் உடலை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூசும் பிள்ளை உடை மாற்றும் அறையைத் தவிர்க்கும், நீச்சல் வகுப்பன்று வயிற்றுவலி என்று சொல்லும், பகலில் உண்ணாமல் இருந்து இரவில் யாரும் பார்க்காதபோது உண்ணும். தொடர்ந்த மன அழுத்தம் கார்ட்டிசோல் என்னும் சுரப்பைக் கூட்டி இனிப்பும் கொழுப்பும் கலந்த உணவில் நாட்டத்தை ஏற்படுத்தும்.

பேசாமலே இருந்துவிட வேண்டும் என்பதும் இதன் பொருளல்ல. ஜெரிக்கா பெர்கேயும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு வகைப் பேச்சை ஒப்பிட்டது. எடையை முன்வைத்துப் பேசிய வீடுகளின் பிள்ளைகள் பட்டினி, உணவு வேளையைத் தவிர்த்தல் போன்ற கேடான வழிகளை அதிகம் நாடினர். நல்ல உணவை முன்வைத்துப் பேசிய வீடுகளின் அதிக எடைப் பிள்ளைகளிடம் அவை குறைவாக இருந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும் பெற்றோருக்கு இதையே சொன்னது: டயட்டை ஊக்குவிக்க வேண்டாம், எடையைப் பற்றிப் பேச வேண்டாம், கேலியை வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டாம், குடும்பமாகச் சேர்ந்து உண்ணுங்கள்.

தமிழ் வீட்டு மேசையில் இந்த வேறுபாடு இரண்டு வாக்கியங்களில் தெரியும். புட்டும் கறியும் பரிமாறும்போது மகள் இரண்டாம் முறை கை நீட்டுகிறாள். ‘இந்த உடம்போட இன்னும் புட்டா பிள்ளை?’ என்று கேட்டால் அவள் கையை இழுத்துக்கொள்வாள். பசி அடங்காது, இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் பிஸ்கட் பெட்டி திறக்கும். ‘இன்னும் பசிக்குதா? அந்தக் கீரையும் கொஞ்சம் எடு, நல்லா வந்திருக்கு’ என்று சொன்னால் உண்பதும் நிறுத்துவதும் அவள் வயிற்றின் கணக்குக்கு வந்துவிடும். விருந்துகளில் பெரியம்மா, சித்தி, மாமா என உறவினர் பலர் முன்னிலையில் ‘என்ன நல்லா உடம்பு வச்சிட்டாய்’ என்று நலம் விசாரிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கம் நின்று பேச்சை வேறு திசைக்குத் திருப்புவது பெற்றோர் தரக்கூடிய பெரிய துணைகளில் ஒன்று.

தடையும் பொறுப்புப் பங்கீடும்

தடுத்த உணவின் மேல் ஆசை கூடும் என்பதை ஜெனிபர் ஃபிஷரும் லியன் பர்ச்சும் 1999இல் சோதனையாகவே காட்டினர். சிறு குழந்தைகள் முன்னால் ஒரு தின்பண்டம் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்பட்டுக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதே போன்ற இன்னொன்று எப்போதும் கிடைத்தது. தடுக்கப்பட்டதைப் பற்றியே குழந்தைகள் பேசினார்கள், அதையே கேட்டார்கள். கைச்செலவுக்குப் பணமும், பள்ளிக்கு அருகே பீட்சாக் கடையும், குமிழித் தேநீர்க் கடையும் உள்ள பதின்பருவப் பிள்ளையிடம் வீட்டுத் தடை இன்னும் குறைவாகவே செல்லும். நியூமார்க்-ஸ்டெய்னரின் குழு மினசோட்டாப் பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, டயட் இருந்தவர்களே பின்னாளில் அதிக எடைக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுந்தவர்களாக இருந்தார்கள்.

உணவியலாளர் எலின் சாட்டர் முன்வைத்த பொறுப்புப் பங்கீடு இதற்கு நடைமுறை வழி ஒன்றைத் தருகிறது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பவை பிள்ளையின் பொறுப்பு. குளிர்சாதனப் பெட்டியில் சோடா இருந்தால் அதைக் குடிக்காதே என்று தினமும் காவல் காக்க வேண்டும். வாங்காமல் விட்டால் சண்டைக்கே இடமில்லை. ஆனால் அந்த முடிவு வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒல்லியான தம்பிக்கு ஐஸ்கிரீம், அக்காவுக்கு ஆப்பிள் என்று பிரித்த கணத்தில் உணவு தண்டனையாகிவிடும்.

வீடு முழுவதும் மாறுவது

பிள்ளையை மட்டும் மாற்ற முனைவதைவிடக் குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவருவது நெடுநாள் பலன் தரும் என்பதற்கு லெனர்ட் எப்ஸ்டைனின் ஆய்வு முக்கியச் சான்று. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து அவர் குழு 1990இல் முடிவை வெளியிட்டது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே இலக்கு வைத்து, சேர்ந்தே பாராட்டுப் பெற்ற குழுவில் இயல்பு எடைக்கு மேலான விழுக்காடு பத்து ஆண்டு முடிவில் 7.5 புள்ளி குறைந்திருந்தது. அப்படிக் குறிப்பாக எதையும் பாராட்டாத ஒப்பீட்டுக் குழுவில் அது 14.3 புள்ளி கூடியிருந்தது. இஸ்ரேலில் மோரியா கோலனின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. 60 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்குப் பெற்றோர் மட்டுமே வகுப்புக்கு வந்தனர். மறு பாதியில் பிள்ளைகள் மட்டும் வந்தனர். பெற்றோர் மட்டும் வந்த பக்கத்தில் எடைக்குறைவு அதிகம், இடையில் விலகியவர்கள் குறைவு.

இவை சிறு பிள்ளைகளின் கதை. பதின்பருவத்துக்கு ஒரு திருத்தம் தேவை என்பதை கெல்லி பிரவுனெலும் சகாக்களும் 1983இலேயே கண்டனர். 12 முதல் 16 வயது வரையுள்ள 42 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: பிள்ளை மட்டும் வருவது, தாயும் பிள்ளையும் ஒரே அறையில் அமர்வது, தாயும் பிள்ளையும் தனித்தனி அறைகளில் தனித்தனிக் குழுக்களாக அமர்வது. தனித்தனியாக அமர்ந்தவர்களே அதிகம் குறைத்து, ஓராண்டு கழிந்தும் அதைக் காத்தனர். பதின்பருவப் பிள்ளைக்குத் தாய் வேண்டும். ஆனால் தன் தோழமையோடு மனம்விட்டுப் பேசும்போது அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

சேர்ந்து உண்பதன் பயனைக் காட்டும் தொகுப்பாய்வை ஆம்பர் ஹாமன்ஸும் பார்பரா ஃபீஸும் 2011இல் வெளியிட்டனர். 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாரத்தில் மூன்று வேளையாவது குடும்பத்தோடு உண்ட பிள்ளைகள் அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு 12 விழுக்காடும், உணவுப் பழக்கக் கோளாறுகளில் விழும் வாய்ப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன. இது உடன்நிகழ்வைக் காட்டும் ஆய்வே, காரணத்தை நிறுவவில்லை. எனினும் செலவில்லாத, தீங்கில்லாத வழி என்பதால் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

மிசிசாகா வீட்டில்

பீல் பிராந்தியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பரிந்துரைகளைச் செயலாக்குவதில் தனித் தடைகள் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் முறைவேலை பார்க்கும் பெற்றோர் இரவு உணவு நேரத்தில் ஒன்றாக வீட்டில் இருப்பது அரிது. அப்படியானால் ஞாயிறு மதியமும் சனி காலையும் அந்த மூன்று வேளைகளில் சேரலாம். அம்மம்மா அல்லது அப்பம்மா வீட்டில் இருந்தால் சமையலும் பரிமாறுதலும் அவர்கள் கையில் இருக்கும். போரும் தட்டுப்பாடும் கண்ட தலைமுறைக்குத் தட்டு நிறையச் சோறு வைப்பதே அன்பு. அவர்களைக் குறை சொல்லாமல், அதே அன்பைச் சுண்டல், கீரை, குரக்கன், மீன் குழம்பு ஆகியவற்றின் பக்கம் திருப்புவது எளிது. கனடாவின் 2019 உணவு வழிகாட்டி தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு புரதம், கால் பங்கு முழுத்தானியம் என்கிறது. அதன் சுருக்கம் தமிழிலும் கிடைக்கிறது. வழிகாட்டி சொல்லும் தட்டை இடியப்பம், பருப்பு, வறை, சம்பல் ஆகியவற்றைக் கொண்டே நிரப்ப முடியும். வெள்ளை மா இடியப்பத்தின் அளவு குறைந்து வறையின் அளவு கூடினால் போதும்.

உடல் இயக்கத்தில் பள்ளி ஓரளவே உதவும். ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு உடற்கல்வியில் ஒரே ஒரு பாட அலகுதான் கட்டாயம். பெரும்பாலோர் அதை 9ஆம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். அதன்பின் கணிதம், அறிவியல், தனிவகுப்பு என்று நாள் நிரம்பிவிடும். தமிழ்ப் பெற்றோர் பலர் 11ஆம் வகுப்பில் விளையாட்டை நிறுத்தச் சொல்வதும் உண்டு. கனடாவின் 24 மணி நேர இயக்க வழிகாட்டி 2016இலிருந்து 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிட உடலுழைப்பையும், 14 முதல் 17 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கத்தையும், பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பதை இரண்டு மணி நேரத்துக்குள் வைப்பதையும் கேட்கிறது. பனிக்காலத்தில் நகர சமூக மையங்களின் நீச்சல் குளமும் கூடைப்பந்து அரங்கும் கைகொடுக்கும். கட்டணம் பாரமாக இருக்கும் குடும்பங்களுக்கு மிசிசாகா நகராட்சியின் ஆக்டிவ்அசிஸ்ட் உதவித் திட்டம் இருக்கிறது. கோடையில் கிரெடிட் ஆற்றங்கரையும், எரின்டேல் பூங்காவும், போர்ட் கிரெடிட் ஏரிக்கரையும் காசு கேட்பதில்லை. எது, யாரோடு, எப்போது என்பதைப் பிள்ளை தீர்மானித்தால் போய்வருவது பழக்கமாகும்.

மருத்துவ உதவி

சில அறிகுறிகள் வீட்டளவில் தீராதவை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிப்பது அழுக்கு என்று எண்ணித் தேய்க்கப்படுகிறது. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும், மாதவிடாய் ஒழுங்கின்மை, அடிக்கடி தாகம், இடுப்பு அல்லது முழங்கால் வலி ஆகியவையும் குடும்ப மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. தோழர்களிடமிருந்து விலகுதல், பள்ளிக்குப் போக மறுத்தல், உண்டபின் நெடுநேரம் குளியலறையில் இருத்தல், திடீரென வேகமாக எடை குறைதல் ஆகியவை மனநலமோ உணவுப் பழக்கமோ கெடுவதைக் காட்டலாம். எடை கூடிய பிள்ளை விரைவாக மெலியும்போது வீடு பாராட்டத் தொடங்குவதால் இவ்வகைக் கோளாறுகள் நெடுநாள் கவனிக்கப்படாமல் போகின்றன. மனச்சோர்வும் உடற்பருமனும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை ஃபுளோரியானா லுப்பினோவின் 2010 தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளின் உடற்பருமனுக்கான கனடாவின் மருத்துவ வழிகாட்டி 2025 ஏப்ரலில் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அது எடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல் வாழ்க்கைத் தரத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. உணவு, இயக்கம், உளவியல் துணை ஆகியவை இணைந்த குடும்பச் சிகிச்சை அடிப்படை. தேவைப்படும் பிள்ளைகளுக்கு 12 வயதிலிருந்து மருந்தையும், 13 வயதிலிருந்து அறுவை சிகிச்சையையும் பரிசீலிக்கலாம். மிசிசாகாவில் கிரெடிட் வேலி மருத்துவமனையின் கிட்ஃபிட் பிரிவும், ரொறன்ரோவில் சிக்கிட்ஸ் மருத்துவமனையும் இத்தகைய பல்துறைச் சிகிச்சையைத் தருகின்றன. பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளை 1-800-668-6868 என்ற கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

எடையைக் குறைப்பது பெற்றோரின் கையில் இல்லை. வீட்டில் என்ன சமைக்கப்படுகிறது, எத்தனை மணிக்கு விளக்கணைக்கப்படுகிறது, யார் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள், பிள்ளையின் உடலைப் பற்றி எப்படிப் பேசப்படுகிறது என்பவை அவர்கள் கையில் இருக்கின்றன. இவற்றை மாற்றி, முடிவைப் பிள்ளையிடம் விட்ட வீடுகளில் ஊக்கம் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். எடை குறைய நாளாகும் பிள்ளைக்கும் அந்த வீட்டில் தன்மதிப்பு குறைய வேண்டியதில்லை.